சொரியாசிஸோடு வந்த மூட்டு வாதம்: வார மாத்திரை போதுமா, நேரே ஊசிக்குப் போகலாமா?

செல்லூரான்:

அம்மாவுக்காகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 53 வயது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. சின்னப் பிள்ளையிலிருந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி, இழுத்து இறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். விரல் நுனி போனால் வேலையே போச்சு.

கொஞ்ச காலமாக நகமெல்லாம் பொடிப்பொடியாகக் குழி விழுந்து, இரண்டு விரலில் நகம் ஓரத்தில் சதையை விட்டுக் கிளம்பி மஞ்சளடித்துவிட்டது. சாயத் தண்ணீரால் வருகிறது என்றுதான் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். தீபாவளி கழித்து வலது கை நடுவிரல் அடியிலிருந்து நுனி வரை பஜ்ஜி மிளகாய் மாதிரி வீங்கிவிட்டது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்காது, குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாது, நடமாட நடமாடத்தான் தளர்கிறது.

பக்கத்து கிளினிக்கில் ஆர்.ஏ. ஃபாக்டரும் (முடக்குவாதத்துக்குப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை) யூரிக் ஆசிடும் பார்த்தார்கள், இரண்டும் நார்மல். வாதம் இல்லை, எப்போதோ வந்த சிக்குன்குனியாவின் மிச்சம் என்று வலி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒருவர் சொல்லி, மூட்டு வாதம் மட்டும் பார்க்கிற ருமட்டாலஜி டாக்டரிடம் போனோம். அவர் வீங்கிய விரலைத் தொடுவதற்கு முன்னாலேயே பத்து நகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு கொண்டையை அவிழ்க்கச் சொல்லி காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். பொடுகு என்று நினைத்து எத்தனையோ ஷாம்பு வாங்கிய அந்தச் செதில்தான் சொரியாசிஸாம். அது மூட்டுக்கும் வந்திருக்கிறது, சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் என்றார். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் 15 மில்லி கிராம், கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது வீட்டில் பஞ்சாயத்து. சித்தி, அது கேன்சர் மருந்து, தொடாதே, வெட்பாலைத் தைலம் போடு, சித்த வைத்தியம் பார் என்கிறார். சென்னையில் இருக்கும் அத்தை மகன், இந்த மருந்து இந்த நோய்க்கு வேலை செய்வதில்லை என்று ஆராய்ச்சியே வந்துவிட்டது, நேரே பயாலஜிக் ஊசிக்கு, அதாவது உயிரணுக்களில் தயாரிக்கிற புரத மருந்துக்குப் போ என்கிறான். ஊசி விலையைக் கேட்டால் எங்கள் வருமானத்துக்குத் தலை சுற்றுகிறது. மாத்திரைப் பட்டை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. ஆராய்ச்சி உண்மையில் என்னதான் சொல்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி பாண்டி:

தம்பி, எனக்கும் இதே நோய்தான். மினி பஸ் ஓட்டுகிறேன். எனக்கு இடது கால் இரண்டாவது விரல், கிளட்ச் மிதிக்கிற கால். அது வீங்கிய நாளில் ஷூ போட முடியாமல் செருப்போடு வண்டி எடுத்துத் திட்டு வாங்கினேன். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் எனக்கும் சொன்னார்கள், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஆராய்ச்சி பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் மாத்திரை சாப்பிடுகிறவன் கணக்கில் இரண்டு விஷயம் சொல்கிறேன். இது வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடுகிற மாத்திரை. கடையில் பழக்கதோஷத்தில் "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று கவரில் எழுதிவிட்டால் ஆள் காலி. தினமும் சாப்பிட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணு இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் உண்டு. வாரத்தில் ஒரு கிழமையை முடிவு பண்ணி, நாள்காட்டியில் அந்தக் கிழமைக்கு நேராக வட்டம் போட்டுவிடுங்கள், மாத்திரை டப்பாவை அம்மாவின் சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து வைக்கவே வைக்காதீர்கள். நான் ஞாயிறு இரவு சாப்பிட்ட பிறகு போடுகிறேன். திங்கள் காலையில் கொஞ்சம் குமட்டும், ஒரு மாதிரி சோர்வாக இருக்கும், மத்தியானத்துக்குள் போய்விடும்.

இன்னொன்று, "செட் மாத்திரை". எங்கள் பக்கம் மெடிக்கலில் நாலு மாத்திரையைப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள், அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு ஒன்று இருக்கும். வலி ராத்திரியோடு ராத்திரியாகப் பறந்துவிடும். எங்கள் ஊரில் ஒருவர் அதையே மாதக்கணக்கில் சாப்பிட்டு, திடீரென்று நிறுத்தினார், உடம்பு முழுக்கச் செதிலும் சீழ்க் கொப்புளமுமாக வெடித்துவிட்டது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு அது தனி ஆபத்து என்று பிறகு டாக்டர் சொன்னார். அம்மா வலி தாங்காமல் அந்தப் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தாளுநர் மீனா:

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். இந்த நோய் எங்கள் வீட்டிலும் இருப்பதால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் உண்டு.

முதலில் அந்த "ரத்தத்தில் ஒன்றும் இல்லை" கதை. ஆர்.ஏ. ஃபாக்டர் இல்லாமல் இருப்பதே இந்த நோயின் லட்சணங்களில் ஒன்று. இங்கிலாந்தில் மோல், ரைட் என்ற இரண்டு பேர் 1973-ல் இதைத் தனி நோயாக வரையறுத்தபோதே அதை எழுதிவைத்தார்கள். 2006-ல் வந்த காஸ்பர் என்ற அளவுகோல்தான் இன்றைக்கு உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் தோலில் சொரியாசிஸ், நகக் குழி, விரல் முழுதும் வீங்குவது, ஆர்.ஏ. ஃபாக்டர் இல்லாதது, எக்ஸ்ரேயில் மூட்டோரம் புது எலும்பு வளர்வது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். உங்கள் அம்மாவுக்கு எக்ஸ்ரே இல்லாமலேயே தேறிவிடும். அந்த டாக்டர் கொண்டையை அவிழ்க்கச் சொன்னது சும்மா இல்லை, தலைச் செதிலும் நகமும் இருக்கிறவர்களுக்கு மூட்டில் வரும் வாய்ப்பு அதிகம். நுனி மூட்டும் நகமும் உள்ளே ஒரே தசைநார் அமைப்பில் பின்னிக் கிடப்பவை, அங்கே வீக்கம் வந்தால் நகம் காட்டிக்கொடுத்துவிடும்.

கேன்சர் மருந்து என்ற பயம். புற்றுநோய்க்கு இதே மருந்தைக் கிராம் கணக்கில் நரம்பில் ஏற்றுவார்கள். அம்மாவுக்கு எழுதியிருப்பது வாரத்துக்கு 15 மில்லி கிராம். இதே குடும்பத்து மருந்தான அமினாப்டெரினை மூட்டு நோய்க்குக் கொடுத்தபோது தோல் செதிலும் அடங்கியதை அமெரிக்காவில் குப்னர் என்பவர் 1951-லேயே எழுதினார், அங்கிருந்து தொடங்கி எழுபது வருடத்துக்கு மேல் ஆன பழக்கம் இது. ஈரலும் ரத்த அணுவும் பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்பதுதான் விஷயம். ஆரம்பத்தில் சில வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு சில மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சொல்வார்கள், அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, தொண்டைப் புண் என்று வேறு டாக்டரிடம் போனால் இந்த மாத்திரை சாப்பிடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இதுவும் சேர்ந்தால் ரத்த அணு மோசமாக இறங்கலாம்.

இப்போது அத்தை மகன் சொல்லும் ஆராய்ச்சி. அது 2012-ல் இங்கிலாந்தில் வந்த மிப்பா என்ற ஆய்வாகத்தான் இருக்கும். 221 பேரில் ஒரு பாதிக்கு மெத்தோட்ரெக்ஸேட், மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மூட்டு வீக்கத்தில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கேட்கும்போது மருந்தே வீண் என்று தோன்றும். ஆனால் அதில் இலக்காக வைத்த அளவு 15 தான், நடுவில் விலகிப்போனவர்களும் நிறைய. அதோடு முடிந்திருந்தால் உங்கள் அத்தை மகன் சொல்வது சரி.

2019-ல் சீம் என்று இன்னொரு ஆய்வு வந்தது, இது பெரியது, 851 பேர். மூன்று கூட்டம்: மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் 20 மில்லி கிராம் வரை, எடனர்செப்ட் ஊசி மட்டும், இரண்டும் சேர்த்து. ஆறு மாதத்தில் 20 சதவீதமாவது முன்னேறியவர்கள், மாத்திரைக் கூட்டத்தில் 51 சதவீதம், ஊசியில் 61, சேர்த்ததில் 65. நோய் கிட்டத்தட்ட அடங்கிய நிலை என்று பார்த்தால் மாத்திரையில் 23 சதவீதம், ஊசியில் 36. இதை எப்படிப் படிப்பது? ஊசி மேல், அதில் சந்தேகமில்லை, எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பைத் தடுப்பதிலும் ஊசிதான் முந்தியது. ஆனால் மாத்திரையில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவு பலன், நாலில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக நோயே அடங்குகிறது. அம்மா அந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்பது சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் அறிஞர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். 2018-ல் அமெரிக்க வழிகாட்டுதல், முடிந்தால் முதலிலேயே டிஎன்எஃப் ஊசி (வீக்கத்தைத் தூண்டுகிற டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் எடனர்செப்ட், அடாலிமுமாப் மாதிரியானவை) என்றது, ஆனால் ஆதாரம் பலமானதில்லை என்று அதிலேயே சொல்லிக்கொண்டது. ஐரோப்பிய வழிகாட்டுதல், அம்மா மாதிரி தோல் பாதிப்பும் இருப்பவர்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் முதலில், மூன்று மாதத்தில் நல்ல முன்னேற்றமும் ஆறு மாதத்தில் இலக்கும் எட்டவில்லை என்றால் அடுத்தது என்கிறது. உங்கள் டாக்டர் ஐரோப்பிய வழியில் போகிறார், அவ்வளவுதான். அவரிடம் கேட்க வேண்டியது, "எந்த மாதத்தில் என்ன பார்த்து, போதாது என்று முடிவு செய்வீர்கள்?" அதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிற டாக்டர் என்றால் மாத்திரையில் தொடங்குவதில் தப்பே இல்லை.

அழகர்கோவில் வாசன்:

மேடம் சொன்ன சீம் ஆய்வை நடத்தியது எடனர்செப்ட் விற்கிற ஆம்ஜென் கம்பெனிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவன் பொருளை அவனே சோதித்தால் அவன் பொருள்தானே ஜெயிக்கும்.

வெட்பாலைத் தைலம் பற்றி. எங்கள் வீட்டிலேயே போடுவோம். இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறும், அதுதான் பதம். தலைச் செதிலுக்கு எனக்குத் தெரிந்து இரண்டு மூன்று பேருக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது, அரிப்பு உடனே தணியும். செலவும் இல்லை. ஏன் எடுத்த எடுப்பில் இங்கிலீஷ் மருந்து?

மருந்தாளுநர் மீனா:

வாசன் அண்ணே, ஆம்ஜென் விஷயம் சரிதான், சொல்லியிருக்க வேண்டிய தகவல். ஆனால் கம்பெனி ஆய்வெல்லாம் கம்பெனிக்குச் சாதகமாகவே முடிவதில்லை. அந்த ஆய்விலேயே ஊசியோடு மாத்திரையைச் சேர்த்ததில் மூட்டுக்குப் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை என்று வந்தது. நோவார்ட்டிஸ் தன் செகுகினுமாப் ஊசியை அடாலிமுமாபோடு நேருக்கு நேர் மோதவிட்டு 2020-ல் வெளியிட்ட எக்ஸீட் ஆய்வில், மூட்டில் தன் ஊசி மேல் என்று நிரூபிக்க முடியவில்லை. தோலில் மட்டும் அது முந்தியது.

தைலம் தலையில் தேய்க்கட்டும், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தலையில் தேய்க்கிற எண்ணெய் நடுவிரல் எலும்புக்குள் போகாது. உள்ளுக்குச் சாப்பிடுகிற பற்பம், செந்தூரம் மாதிரி சமாச்சாரங்களை மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து. ஈரல் கெட்டால் எதனால் கெட்டது என்றே கண்டுபிடிக்க முடியாது.

"முதலில் அதைப் பார்க்கலாம், பிறகு இதைப் பார்க்கலாம்" என்பதற்கு இந்த நோய் இடம் கொடுப்பதில்லை. அயர்லாந்தில் 283 நோயாளிகளைப் பார்த்து 2015-ல் எழுதினார்கள்: அறிகுறி தொடங்கி ஆறு மாதம் தாண்டி முதன்முதலாக ருமட்டாலஜி டாக்டரைப் பார்த்தவர்களுக்கு எலும்பு அரிப்பு அதிகம், பிற்காலத்தில் கை கால் செயல்பாடும் மோசம். அரித்துப்போன மூட்டு எந்த மருந்திலும் திரும்பி வளராது. செல்லூரான் சொல்கிற தீபாவளிக் கணக்கைப் பார்த்தால் அந்த ஆறு மாதம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஊசியா மாத்திரையா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு வாரமும் அம்மா எதுவும் சாப்பிடாத வாரம், எனக்கு அதுதான் உறுத்துகிறது.

செல்லூரான்:

மீனா அக்கா, பாண்டி அண்ணே, ரொம்ப நன்றி. அம்மாவிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். "இவ்வளவு பேர் சாப்பிடுகிறார்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இந்த வெள்ளிக்கிழமை இரவு தொடங்குகிறோம். சித்தி இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், அது வேறு கதை.

இன்னும் இரண்டு கேள்வி. ஊசிக்குப் பணம் இல்லை என்றதும் அத்தை மகன் இப்போது டோஃபாசிட்டினிப் என்று ஒரு மாத்திரை சொல்கிறான், ஊசிக்குச் சமம், விலை குறைவு என்கிறான். உண்மையா? அப்புறம், எங்கள் தாத்தாவுக்கு டிபி இருந்தது, அம்மாதான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். இதை டாக்டரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டுமா?

மருந்தாளுநர் மீனா:

டிபி விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அடுத்த முறை போகும்வரை காத்திருக்க வேண்டாம், போன் பண்ணியே சொல்லுங்கள். டிபி கிருமியை உடம்பு சின்னச் சின்னக் கட்டியாகச் சுவர் கட்டி அடைத்து வைத்திருக்கும், அந்தச் சுவரைத் தாங்குவதில் டிஎன்எஃப் முக்கியம். டிஎன்எஃப்பைத் தடுக்கிற ஊசி போட்டால் தூங்குகிற கிருமி எழுந்துவிடலாம். அதனால்தான் பயாலஜிக்குக்கு முன்னால் மாண்டூ (தோலில் ஊசி போட்டுப் பார்ப்பது) அல்லது இக்ரா (ரத்தத்தில் பார்ப்பது) பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். பாசிட்டிவ் என்றால் முதலில் தடுப்பு மருந்து கொடுத்து, பிறகுதான் ஊசி. செகுகினுமாப் போன்ற, ஐஎல்-17 என்ற வேறொரு புரதத்தைத் தடுக்கிற வகை ஊசிகளில் இந்த அபாயம் குறைவு, ஆனால் அதற்கும் பரிசோதனை உண்டு. நம் ஊரில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை.

டோஃபாசிட்டினிப் பற்றி உங்கள் அத்தை மகன் பாதி சரி. 2017-ல் வந்த ஓபல் ஆய்வில் மூன்று மாதத்தில் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 50 சதவீதம் பேருக்கும், அடாலிமுமாப் ஊசி போட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் மூட்டில் பலன் கிடைத்தது. இந்தியாவில் நிறையக் கம்பெனிகள் தயாரிப்பதால் விலையும் இறங்கிவிட்டது. சொல்லாமல் விட்ட பாதி இது: 2022-ல் வந்த பெரிய பாதுகாப்பு ஆய்வில், 50 வயது தாண்டிய, இதய நோய்க்கான காரணி ஒன்றாவது உள்ள முடக்குவாத நோயாளிகளிடம் டிஎன்எஃப் ஊசியைவிட இந்த மாத்திரையில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் கூடுதலாக வந்தன. அக்கியும் அதிகம் வரும். அம்மாவுக்கு 53 வயது, சர்க்கரை வேறு. முடியவே முடியாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் விலை குறைவு என்பதற்காக நீங்களாகக் கடையில் வாங்குகிற மருந்து இல்லை இது. இதற்கும் டிபி பரிசோதனை வேண்டும்.

ஊசி என்றால் எல்லாமே யானை விலை என்றும் இல்லை. அடாலிமுமாபுக்கு உலகத்திலேயே முதல் பயோசிமிலர், அதாவது அதே மருந்தின் நகல் வடிவம், 2014-ல் இந்தியாவில்தான் வந்தது, சைடஸ் கம்பெனி கொண்டுவந்தது. இன்றைக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுடையது கிடைக்கிறது. மாத்திரை கேட்கவில்லை என்கிற கட்டம் வந்தால், எந்த பயோசிமிலர், எத்தனை நாளுக்கு ஒரு ஊசி, நோய் அடங்கிய பிறகு இடைவெளியைக் கூட்டலாமா என்று அந்த டாக்டரிடமே விலையை வைத்துப் பேசுங்கள். அவர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டிக்கோபா என்று 2015-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதில் ஒரு கூட்டத்தை நாலு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, மூட்டை எண்ணி, போதாவிட்டால் உடனே அளவைக் கூட்டியோ மாற்றியோ கொடுத்தார்கள், மறு கூட்டத்துக்கு வழக்கம் போல மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒரு வருடம் முடியும்போது முதல் கூட்டத்தில் 62 சதவீதம் பேருக்குப் பலன், இரண்டாவதில் 44. பக்க விளைவும் முதல் கூட்டத்தில் கூடுதல்தான், அதை மறைக்க முடியாது. இருந்தாலும் தொடக்கத்தில் அடிக்கடி போய்க் காட்டுவது காசுக்கு மோசமில்லை என்று நான் நினைக்கிறேன். எடை கூடுதலாக இருந்தால் அதையும் கவனியுங்கள், டிஎன்எஃப் ஊசி தொடங்கிய பருமனானவர்களில் 5 சதவீதமாவது எடை குறைத்தவர்களுக்கு நோய் அதிகமாக அடங்கியதை இத்தாலியில் 2014-ல் காட்டினார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும்: இது குடும்பத்தில் ஓடுகிற நோய். உங்களுக்கோ தங்கைக்கோ தலைச் செதிலோ நகக் குழியோ இருந்தால் மூட்டு வலி வருகிறதா என்று ஒரு கண் வையுங்கள். சொரியாசிஸ் உள்ளவர்களில் யாருக்கு மூட்டில் வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஐரோப்பாவில் ஹிப்போக்ரட்டீஸ் என்ற பெயரில் 2021-ல் பெரிய ஆராய்ச்சி தொடங்கினார்கள்.

உசிலம்பட்டி பாண்டி:

அக்கா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல. ஒன்றுதான், அம்மா வேலையை முழுசாக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், வீட்டில் சும்மா உட்கார்ந்தால் காலை இறுக்கம் இன்னும் கூடுகிறது, எனக்கு லீவு நாளில்தான் வலி ஜாஸ்தி. வீங்கிய விரலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மற்ற வேலையைச் செய்யட்டும். காலையில் வெந்நீரில் கையை வைத்துவிட்டு முடிச்சுக்கு உட்காரச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்குத் தனியாரில் ஒவ்வொரு தடவையும் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்றால் மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் விசாரியுங்கள், காப்பீட்டு அட்டையையும் பழைய சீட்டெல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிட வேண்டும், எட்டு மணிக்கு மேல் வரிசை வாசலுக்கு வந்துவிடும். மாத்திரையை மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள், இருந்தால் விலை குறையும். வாங்கும்போது பட்டையில் 2.5-ஆ 7.5-ஆ என்று ஒவ்வொரு தடவையும் பார்த்து வாங்குங்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில்தான் இருக்கும்.